குக்ரிக்கு விட்ட தண்ணீர்

ஹர்கபீர் காமிக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டார். இரும்பை அடிப்பார். எவ்வளவு கோபம் என்பதைச் சம்மட்டிச் சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். பல வருஷம் அவர் பட்டறைக்கு எதிரிலேயே தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். அவர் காமி, இரும்பு அடிக்கிற ஜாதி. நான் தமாய், துணி தைக்கிற ஜாதி. என் புருஷன் அஸ்ஸாமில் கரி தோண்டப் போய் எனக்குப் பதிலாக வேறொருத்தியைத் தோண்டி எடுத்துக்கொண்டான். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எங்கள் போஜ்பூர் மலையில் ஆண்பிள்ளை என்றால் இடுப்பில் குக்ரி என்கிற வளைகத்தி இருக்கும். சண்டைக்கு என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அது புல் அறுக்கும், விறகு பிளக்கும், மூங்கில் சீவும், பூசணிக்காயை உடைக்கும், தசைன் பண்டிகைக்கு ஆட்டை வெட்டும், சோம்பேறிகளுக்கு முதுகு சொறியும். வேலை செய்கிறவன் கத்திக்கு ரத்தம் வருஷத்தில் ஒரு நாள்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் அதில் பச்சைப் பிசின்தான் ஒட்டியிருக்கும்.

சுற்று வட்டாரத்தில் மூன்று ஊர் இடுப்பில் இருந்ததெல்லாம் ஹர்கபீர் அடித்த குக்ரி. யாராவது அதை உறையிலிருந்து உருவி நீட்டினால், அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், கத்தியைத்தான் பார்ப்பார். "கல்லுல வெட்டியிருக்க." "இதை உன் மச்சானுக்கு இரவல் கொடுத்தியா? இடது கைக்காரன் பிடிச்ச தேய்மானம்." ஒருமுறை முகியாவின் காட்டில் மரம் வெட்டிவிட்டான் என்று ஒரு ஏழையைப் பிடித்து வந்து, அவன் குக்ரியை ஹர்கபீரிடம் நீட்டினார்கள். முகியா என்றால் டம்பர் பஸ்னேத், எங்கள் ஊர்த் தலைவர். ஊரில் மேட்டு நிலம் பாதி அவருடையது, பள்ளத்து நிலம் முக்கால்வாசி அவருடையது. ஹர்கபீர் கத்தியை ஒரு புரட்டு புரட்டினார்.

"இது ஒரு மாசமா மரத்தையே பார்க்கல ஹஜுர். மூங்கில் சீவின கத்தி இது. மரம் வெட்டின கத்தி வேணும்னா உங்க தம்பி இடுப்புல இருக்கு, உருவச் சொல்லுங்க."

முகியாவின் தம்பி அன்று உருவவில்லை. முகியாவும் அதை மறக்கவில்லை.

தேய்ந்து விரலளவு ஆகிப்போன குக்ரியைக் கொண்டுவந்து கொடுத்துப் புதுசு வாங்கிப் போவார்கள். மற்ற கொல்லர்கள் அந்தப் பழசை உலையில் போட்டு அரிவாளோ ஆணியோ ஆக்கிவிடுவார்கள். இவர் செய்யமாட்டார். பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார். நான் எண்ணியபோது பத்தொன்பது இருந்தது. மலாயாவுக்குப் பட்டாளத்தில் போய்த் திரும்பாதவனுடையது ஒன்று, அவர் அப்பா அடித்தது ஒன்று, நாற்பது வருஷம் ஒரே ஆள் புல் அறுத்து அறுத்து மீன் முள் மாதிரி ஆனது ஒன்று. மழைக்கால மத்தியானங்களில் அவற்றை இறக்கிக் கடுகெண்ணெய் தடவுவார். அவர் பெண்சாதி புத்திமாயா துருத்தியை மிதித்துக்கொண்டே புலம்புவாள்.

"அடுப்புக்கு எண்ணெய் இல்ல, செத்தவன் கத்திக்கு எண்ணெய் தடவுறாரு."

"உழைச்ச கத்திடி. கொஞ்சம் தொங்கட்டும்."

அவர் வேலையை நான் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். லாரி ஸ்பிரிங் பட்டையைக் கீழே தரான் பட்டணத்திலிருந்து முதுகில் சுமந்து கொண்டுவருவார்கள். அதை வெட்டிக் காய்ச்சி அடித்து, வளைவு கொடுத்து, அரத்தால் ராவி எல்லாம் முடித்த பிறகு கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கத்தியை மறுபடி காய்ச்சி, பழுத்த நிறம் வந்ததும் வெளியே எடுத்து, மூக்கு நீண்ட ஒரு பழைய கெட்டிலால் வெட்டும் விளிம்பின் மேல் மட்டும் தண்ணீர் விடவேண்டும். நூல் மாதிரி. அடியிலிருந்து நுனிக்கு ஒரே ஓட்டம். விளிம்பு கெட்டியாகும், முதுகு மெத்தென்று நிற்கும். கொஞ்சம் முன்னால் விட்டால் விளிம்பு வெடிக்கும், கொஞ்சம் தாமதித்தால் கத்தி வெண்ணெய் வெட்டத்தான் ஆகும். கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்தக் கெட்டிலை அவர் புத்திமாயாவைக்கூடத் தொடவிட்டதில்லை.

இங்கே என் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டறைக்குள் ஒரு பானை நிறைய குடிதண்ணீர் இருக்கும். எனக்குத் தாகம் எடுத்தால் நான் மிஷினை விட்டு எழுந்து ஓடைக்கு இறங்கிப் போவேன். புத்திமாயாவுக்கு இரக்கம் வந்த நாட்களில் வெளியே வந்து முழங்கை உயரத்திலிருந்து என் கையில் ஊற்றுவாள், சொட்டு தன்மேல் தெறிக்காமல். மேல்ஜாதிக்காரர்கள் காமியிடம் தண்ணீர் வாங்கமாட்டார்கள். காமி தமாயிடம் வாங்கமாட்டான். ஹர்கபீர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தமாய்ப் பெண் என்று ஜாதியைச் சொல்லித்தான். "ஏ தமினி, ஊசி இருக்கா?" அவ்வளவுதான். அது எனக்கு உறைத்ததா என்றால், அப்போது உறைக்கவில்லை. பழகிப்போன செருப்பு கடிப்பது தெரியாது.

அந்த வருஷம் பஞ்சாயத்துக்காரர்கள் மேலே ஊற்றிலிருந்து பிளாஸ்டிக் குழாய் போட்டு ஊர் நடுவில் ஒரு பித்தளைக் குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் பள்ளம் தோண்ட வரவேண்டும் என்றார்கள். காமி வீட்டிலிருந்து வந்தார்கள், என் வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானே போனேன். ஆறு நாள் தோண்டினோம். பாறை வந்த இடத்தில் உளி அடித்துக் கொடுத்ததும் ஹர்கபீர்தான். குழாயில் தண்ணீர் வந்த அன்று முகியா மாலை போட்டுக்கொண்டு பேசினார். பேச்சு முடிந்ததும் இன்னொரு பேச்சும் வந்தது. நாங்கள் குழாயைத் தொடக்கூடாது. தள்ளி நிற்கவேண்டும். மேல்வீட்டுப் பெண்கள் பிடித்து முடித்த பிறகு யாராவது மனசு வைத்தால் எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. சட்டத்துக்கு எங்கள் மலை ஏற மூச்சு வாங்கியது போலிருக்கிறது.

புத்திமாயா ஒரு மாசம் தள்ளி நின்றாள். ஒருநாள் காலையில் போனவள் வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றாள். குழாயடியில் யாருமே இல்லை, குழாய் சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. போய்த் திருப்பினாள். எங்கிருந்துதான் பார்த்தாளோ, முகியாவின் மருமகள் பத்மா ஓடிவந்து பாதி நிறைந்த குடத்தை உதைத்தாள். செப்புக்குடம் உருண்டு படிக்கட்டில் இறங்கி, என் மிஷின் காலில் முட்டி நின்றது. வயிற்றில் கையளவு ஒடுக்கு.

அந்த ஒடுக்கை எடுக்க ஹர்கபீருக்கு நாலு தட்டு போதும். அவர் தட்டவில்லை. குடத்தை அப்படியே பட்டறை வாசலில் கட்டித் தொங்கவிட்டார். வருகிறவர்கள் தலையைக் குனிந்துதான் உள்ளே நுழையவேண்டும். அன்று முழுக்க சம்மட்டிச் சத்தம். எனக்கு ஒரு தையல் நேராக வரவில்லை.

தசைனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கத்திகள் வந்து குவிந்தன. பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு குக்ரியைக் காய்ச்சி, ராவி, புதிதாக நீர் விட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். முகியா வீட்டுப் பெரிய குக்ரியும் வந்தது. நவமி அன்று மேட்டுக் கோட்டத்துச் சாமி முன்னால் ஊருக்காக முதல் கடாவை அதுதான் வெட்டும். ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு தேவைப்பட்டால் வெட்டியவன் வீட்டுக்கு வருஷம் பூராவும் கேடு என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

ஹர்கபீர் எல்லாவற்றையும் செய்தார். காய்ச்சினார், அடித்தார், ராவினார். பிறகு வரிசையாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பீடி பற்றவைத்து உட்கார்ந்துகொண்டார். நாலாம் நாள் முகியாவே வந்துவிட்டார், கூடவே ஏழெட்டு மேல்வீட்டு ஆண்கள். குடத்துக்காகத் தலையைக் குனியப் பிடிக்காமல் வெளியிலேயே நின்றார்.

"என்ன ஹர்கே, கத்தி எல்லாம் தூங்குது? நீயும் கூடவே தூங்குறியா?"

"வேலை முடிஞ்சுது ஹஜுர். தண்ணி விடறது ஒண்ணுதான் பாக்கி."

"விட வேண்டியதுதானே."

"எந்தத் தண்ணிய விடறது?" ஹர்கபீர் எழுந்து கை கட்டிக்கொண்டார். அவ்வளவு பணிவை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது. "என் தண்ணி உங்க வீட்டுக்கு ஆகாதுன்னு இப்பத்தான ஹஜுர் எனக்குப் புரிஞ்சுது. மருமக காலால புரிய வச்சாங்க. முப்பது வருஷமா அதே தண்ணிய உங்க கத்தியில விட்டு, உங்க அடுப்படி, சாமி மேடை எல்லாத்தையும் கெடுத்துட்டேன். பெரிய பாவம். இனிமே அது வேணாம். உங்க வீட்டுத் தண்ணிய, உங்க கையாலயே விட்டுக்கங்க. நான் கத்தியக் காய்ச்சிக் குறட்டுல பிடிச்சு நீட்டறேன், அதுக்கு மேல தொடமாட்டேன்."

கூட வந்த பள்ளிக்கூட வாத்தியார் சிரித்துவிட்டார். முகியா சிரிக்கவில்லை.

"கொழுப்பா? அறுப்பு முடிஞ்சு தானியம் வாங்க எங்க வாசலுக்குத்தான வரணும் நீ?"

"வரணும். கொடுக்கலைன்னா சோளத்தட்டைய மென்னுட்டுக் கிடப்பேன். தண்ணி மட்டும் விடமாட்டேன்."

"போடா. தண்ணி ஊத்தறது ஒரு வித்தைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? எங்க வீட்டுல துளசிச் செடிக்கு ஊத்தறாளே ஒரு கிழவி, அவளுக்குக்கூடத் தெரியும்."

இப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. மறுநாள் ஒவ்வொருத்தராகத் தங்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாத்தியார் சொம்பில் கொண்டுவந்தார். ஹர்கபீர் பழுத்த கத்தியை நீட்டியதும் பயத்தில் சொம்பை மொத்தமாகக் கவிழ்த்தார். டிங் என்றது. விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டு தெறித்து விழுந்தது.

"அதை எனக்குக் கொடுத்துருங்க வாத்தியாரே," என்றார் ஹர்கபீர். "சுவத்துல ஒரு ஆணி காலியா இருக்கு."

அடுத்தவர் அந்த அனுபவத்தில் பயந்து, கத்தி ஆறிக் கறுத்த பிறகு மெதுவாக ஊற்றினார். வெடிக்கவில்லை. மற்றவர்களுக்கு அதுதான் சரியென்று பட்டது. எல்லோரும் அப்படியே ஊற்றினார்கள். கடைசியாக முகியா வெள்ளிப் பூண் போட்ட கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, ஏதோ மந்திரம்கூட முணுமுணுத்து, அழகாக ஊற்றினார். அழகாக, தாமதமாக. கத்தி பளபளவென்றுதான் இருந்தது. ஹர்கபீர் ஓர் ஆணியை எடுத்து நீட்டினார்.

"இதை ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க ஹஜுர். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"சாமி கத்தி. இனிமே உன் ஆணி அதுமேல படவேண்டாம்," என்று முகியா அதை உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போனார். முன்னால் நின்றவர்கள் அவர் இடுப்பைப் பார்த்து ஆஹா என்றார்கள்.

அவர்கள் போனதும் ஹர்கபீர் வயிறு குலுங்கச் சிரித்தார். புத்திமாயாவும் துருத்திமேல் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததில் தொண்டை வறண்டு போய், மிஷினை விட்டு எழுந்து ஓடைப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே அவர் குரல் கேட்டது.

"பார்த்தியா தமினி? மனுஷன் தொட்ட தண்ணிக்கு ஜாதி பார்க்கிறவனுக்கு இரும்பு எப்படி ஜாதி பார்க்கும்னு காட்டிட்டேன்."

நான் நின்றுவிட்டேன். எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"அண்ணே, நான் எங்க போயிட்டிருக்கேன் தெரியுமா?"

"எங்க?"

"ஓடைக்கு. தண்ணி குடிக்க. உன் பட்டறையில பானை நிறைய தண்ணி இருக்கு, நான் ஓடைக்குப் போறேன். பதினோரு வருஷமாப் போறேன். குழாய்க்குப் பள்ளம் நானும்தான் தோண்டினேன். குழாய் கிடைச்சா உன் பொண்டாட்டி பிடிப்பா. நான் அப்பவும் அவளுக்குப் பின்னால தள்ளித்தான நிக்கணும்?"

"அது வேற விஷயம்."

"முகியாவும் அதைத்தான சொல்றாரு, அது வேற விஷயம்னு. நீ எப்பவாவது என் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கியா? உன் கெட்டிலுக்கு ஒரு நியாயம், என் குடத்துக்கு ஒரு நியாயமா?"

"வாயை மூடு தமினி."

மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. ஊசி கேட்டபோது, இல்லை என்று முழுப் பெட்டி ஊசியை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன். சம்மட்டிச் சத்தம் நாலைந்து நாள் மாறி மாறிக் கேட்டது. ஓங்கி இரண்டு அடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒன்று. கோபத்தில் அடிக்கிற அடி இல்லை அது. எனக்கு இரக்கம் வரவில்லை. அடிக்கட்டும், யோசிக்கட்டும் என்றிருந்தேன்.

நவமி வந்தது. கோட்டத்துக் கல்முற்றத்தில் ஆறு கடா கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் மதிலுக்கு வெளியே நின்று நகரா மேளம் அடித்தார்கள். நாங்கள் அடிக்காமல் அவர்கள் சாமிக்கு எதுவும் நடக்காது. ஆனால் மதிலுக்கு உள்ளே வரக்கூடாது. நான் மதில்மேல் எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகியா வெள்ளைத் துணி கட்டி, இரண்டு கையாலும் குக்ரியை ஓங்கி இறக்கினார்.

பாதிக் கழுத்தில் நின்றுவிட்டது. அந்த ஜீவன் போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். நகரா நின்றுபோனது. இரண்டாவது, மூன்றாவது வெட்டில்தான் முடிந்தது. முகியா கத்தியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு ஓரம் மடிந்த ரொட்டி மாதிரி சுருண்டிருந்தது.

புரோகிதர் முகம் வெளுத்து, உச்சி சாய்வதற்குள் மிச்சம் ஐந்தும் ஒரே வெட்டில் போகவேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கே ஆகாது என்றார். முற்றத்தில் இருபது ஆண்கள் நின்றார்கள், இருபது பேர் இடுப்பிலும் குக்ரி. ஒருவர் கையும் உறைப் பக்கம் போகவில்லை. அவரவர் தண்ணீர் அவரவருக்குத்தானே தெரியும். மதிலுக்கு வெளியே நான் சத்தம் போட்டே சிரித்தேன். திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஹர்கே சுவத்துல பழைய கத்தி தொங்குதே," என்றார் வாத்தியார்.

முகியாவே இறங்கி வந்தார். ஊரும் பின்னால் வந்தது. நான் குறுக்குவழியில் ஓடி முன்னாலேயே போய் என் மிஷினில் உட்கார்ந்துகொண்டேன். அன்று கருவிகளுக்கும் பூசை. ஹர்கபீர் சம்மட்டிக்கும் குறட்டுக்கும் செந்தூரம் பூசி, கெட்டில் மூக்கில் ஒரு துலுக்கச் சாமந்தி செருகி வைத்திருந்தார்.

முகியா குனிந்தார். குடத்துக்குக் கீழே குனிந்துதான் உள்ளே போனார்.

"சுவத்துல இருக்கிறதுல ஒண்ணு கொடு ஹர்கே. ஒரு மணி நேரத்துல திருப்பித் தர்றேன்."

"அது செத்தவங்க கத்தி ஹஜுர். இரவல் கொடுக்க என்னுது இல்ல. உங்க கத்தியக் கொடுங்க, மடிப்பை ராவிட்டுத் திரும்ப நீர் விட்டுத் தர்றேன். உச்சி சாயறதுக்குள்ள ஆயிடும்."

"அப்ப விடு."

"தண்ணி வேணும். குழாய்த் தண்ணி. எங்க ஆள் போய், எங்க கையால குழாயத் திறந்து, இந்த ஒடுங்கின குடத்துல பிடிச்சுட்டு வரணும். இன்னைக்கு மட்டும் இல்ல, நாளைக்கும், அடுத்த வருஷமும். ஊர் முன்னால சரின்னு சொல்லுங்க."

புரோகிதர் வெளியில் நின்று வெயிலைப் பார்த்தார். முகியாவும் வெயிலைப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "சரி," என்றார்.

"சத்தமா ஹஜுர்."

"சரிடா."

புத்திமாயா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உதை வாங்கிய குடம் அவளுடையது, போகவேண்டியவளும் அவள்தான். ஹர்கபீர் கயிற்றை அறுத்துக் குடத்தை இறக்கினார். அதைப் பெண்சாதியிடம் கொடுக்காமல் வாசலுக்கு வந்தார்.

"நர்மாயா. குடத்தை எடு."

யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அந்தப் பேரில் என்னைக் கூப்பிட்ட ஆண் அஸ்ஸாமில் இருந்தான்.

"நான் எதுக்கு? உன் பொண்டாட்டி போகட்டும்."

"நீ போ. நீ சொன்னதை அஞ்சு நாளா அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன், வளையல. போய்ப் பிடிச்சுட்டு வா."

"நான் பிடிச்சுட்டு வந்தா குடிப்பியா? வெறும் கத்தியில ஊத்திட்டு விட்டுருவியா?"

"பிடிச்சுட்டு வந்து பாரு."

புத்திமாயாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. பொய் சொல்லமாட்டேன், அவளுக்கு அது எளிதாக இல்லை. ஆனால் குடத்தை அவளே எடுத்து என் இடுப்பில் வைத்தாள். வைக்கும்போது அவள் கை என் கைமேல் பட்டது. அவள் எடுக்கவில்லை.

குழாயடியில் பத்மா நின்றிருந்தாள். நான் நடந்துபோனேன், அவள் நகர்ந்தாள். பித்தளை சில்லென்று இருந்தது. ஆறு நாள் தோண்டியவள் அதை அன்றுதான் முதல்முதலாகத் தொட்டேன். குடம் விளிம்பு வரை நிறைந்தது. அப்படியே கவிழ்த்தேன். குடம் கழுவ வேண்டாமா? திரும்பப் பிடித்தேன். வெயில் சாய்கிறதே என்று மேலே யாரோ கத்தினார்கள். சாயட்டும் என்று ஆற அமரத்தான் பிடித்தேன்.

பட்டறை வாசலில் ஹர்கபீர் குடத்தை வாங்கினார். எல்லோரும் பார்க்க, தலையைப் பின்னால் சாய்த்து, விளிம்பில் வாய் வைத்துக் குடித்தார். சும்மா நனைக்கிற குடி இல்லை. தொண்டைக்குழி ஏறி இறங்க, மூச்சு விட்டு விட்டு, வயிறு நிறையக் குடித்தார். முகியாவைவிட எங்கள் ஜாதிக்காரர்களும் அவர் ஜாதிக்காரர்களும்தான் வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு கெட்டில் மூக்கிலிருந்து பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, மிச்சத் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றினார்.

"ஹர்கே, அது தமினி கொண்டுவந்த..." என்று முகியா ஆரம்பித்தார்.

"வேற தண்ணி வேணும்னா கெண்டி கொண்டுவந்திருக்கீங்களா ஹஜுர்? நீங்களே ஊத்துங்க."

நான் போய் வருவதற்குள் மடிப்பு ராவி வைத்திருந்த கத்தியை ஹர்கபீர் உலையில் வைத்தார். புத்திமாயா துருத்தியில் ஏறினாள். கத்தி பழுத்தது. ஹர்கபீர் அதைத் தூக்கி, அடியிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டமாக நீர் விட்டார். புஸ்ஸென்று ஆவி எழுந்து முகியாவின் வெள்ளைத் துணிமேல் படிந்தது. கதவிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிப் பட்டடைமேல் வைத்துக் கத்தியால் ஒரு தட்டு தட்டினார். ஆணி இரண்டாகிவிட்டது. கத்தியில் கீறல் இல்லை.

ஐந்து கடாவும் ஐந்தே வெட்டில் போயின.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் விடிந்ததும் பத்மா தங்க மோதிரத்தைத் தண்ணீரில் முக்கி அந்தத் தண்ணீரைக் குழாய்மேல் தெளித்துச் சுத்தம் செய்தாள். அவள் தெளித்து முடித்ததும் நானும் புத்திமாயாவும் போய்க் குடம் பிடித்தோம். அடுத்த நாளும் தெளித்தாள். அடுத்த நாளும் பிடித்தோம். பதினாலாம் நாள் அவளுக்குச் சளி பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு தெளிக்கவில்லை. அந்த அறுப்பில் மூன்று வீடு ஹர்கபீருக்குத் தானியம் கொடுக்கவில்லை. குளிர்காலத்தில் அரிவாள் மழுங்கியதும் இரண்டு வீடு தானாக வந்தது. ஹர்கபீரின் சொந்த அண்ணன் ஒரு வருஷம் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை, நான் தொட்ட தண்ணீரைக் குடித்தவர் என்று. "என் பட்டறைக்கு வேணா வரச்சொல்லு, ஆணி வெட்டிக் காட்டறேன்," என்று சொல்லி அனுப்பினார் இவர்.

கோபம் வந்தால் பிறகும் என்னை "ஏ தமினி" என்றுதான் கத்துவார். நானும் "என்ன காமி" என்பேன். ஆனால் தாகம் எடுத்தால் நான் ஓடைக்குப் போகவில்லை. அந்தப் பானையிலேயே மொண்டு குடித்தேன்.

ஹர்கபீர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒடுங்கின குடம் என்னிடம் இருக்கிறது, இன்னும் யாரும் தட்டி எடுக்கவில்லை. சுவரில் இப்போது இருபத்தெட்டு கத்தி. அவருடையது இருபத்தெட்டாவது. முகியாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெரிய குக்ரி இப்போது அவர் பேரன் இடுப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு அதை உலையில் வைக்கத் தேவை வரவில்லை, சாணைதான் பிடிக்கிறான். மூங்கில் சுமந்து என் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் நான் தையலை நிறுத்திக் கேட்பேன்.

"கத்தி எப்படி வெட்டுது தம்பி?"

எந்தத் தண்ணீர் அது என்று அவனுக்குத் தெரியும். அவன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுமையைத் தோள் மாற்றிக்கொள்வான். அவன் சொல்லும்வரை நான் விடுவதில்லை.

"நல்லா வெட்டுது," என்பான்.

நான் மிஷினை மிதிக்க ஆரம்பிப்பேன்.